டிக்சன் எழுதாத ஸ்லிப்

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் ஒரு மின்விசிறி. பின்னால் யாராவது கண்டுபிடித்து என்னைக் கேவலப்படுத்துவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கோவில் தெரு மண்டபத்தில் எட்டு விசிறிகள் தொங்குகின்றன. ஓடுவது ஒன்றே ஒன்று. அதன் கீழே இரண்டு பேர் உட்காரலாம். அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு நாற்காலியில் நான் இருந்தேன், மற்றதில் டிக்சன் வந்து உட்கார்ந்தான். அவன் வேறு எங்காவது உட்கார்ந்து வேர்த்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன், நீங்களும் படிக்க வேண்டியிருக்காது. எல்லாருக்கும் நிம்மதி.

வாசலில் ஒரு தட்டி வைத்திருந்தார்கள். "மெதுவான நிலநடுக்கங்களும் ஃபால்ட் ஸ்லிப்பும். சிறப்புரை: முனைவர் ஜெனிலா. அனைவரும் வருக. மக்ரூன் வழங்கப்படும்."

நான் எங்கள் ஊர் முந்திரி மக்ரூனுக்காகப் போனேன். டிக்சன் ஃபால்ட் ஸ்லிப்புக்காக வந்திருந்தான்.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வழக்கம். கிரேனில் கோளாறு கண்டால் ஓட்டுகிறவர் ஒரு ரோஸ் நிறத் தாளில் எழுதி ஷெட்டில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளுக்குப் பெயர்தான் ஃபால்ட் ஸ்லிப். கொடுத்தால் கிரேன் நிற்கும். கிரேன் நின்றால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் கத்துவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆட்கள் கத்துவார்கள். ஆகவே நல்ல ஆப்பரேட்டர் என்பவர் ஸ்லிப் எழுதாதவர். டிக்சன் மிக நல்ல ஆப்பரேட்டர்.

"அண்ணாச்சி," என்று என் காதுப்பக்கம் குனிந்தான். "இது விசாரணையா?"

"எதுக்குடே?"

"ஃபால்ட் ஸ்லிப்னு போட்டிருக்கான்லா. எழுதாதவங்களக் கூப்பிட்டுக் கேப்பாங்களோ?"

"கேட்டா என்ன சொல்லுவ?"

"ஒருத்தரும்தான் எழுதலன்னு சொல்லுவேன்."

"நல்ல பதில். மக்ரூன் குடுத்த பெறவு சொல்லு."*

(* என்னைப் பற்றிக் கொஞ்சம். கப்பல்களுக்குக் காய்கறி சப்ளை செய்தவன். ஒரு கிரேக்கக் கப்பலின் கேப்டனுக்கு ஆத்தூர் வெற்றிலை போடக் கற்றுக்கொடுத்து, அவர் துப்பியதில் கப்பலின் ஒரு பக்கமே சிவந்து, வேறு கப்பல் என்று நினைத்து உள்ளே விட மறுத்துவிட்டார்கள். ஊரில் என் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார்கள். இந்தக் கதையில் கழிக்க வேண்டாம். இதையும் நான் வழக்கமாகச் சொல்வதுண்டு.)

2

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

பல்லாயிரம் அடி ஆழத்தில், இருள் சூழ்ந்த பாறைகளுக்கு நடுவே,

அதற்கு மேல் ஓடவில்லை. பல்லாயிரம் அடி ஆழத்துக்கு நான் போனதில்லை. முத்துக் குளிக்கப் போனபோது ஒருமுறை போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

பிறகு இப்படி:

கொற்கை முன்பு கடற்கரையில் இருந்தது. ஒரு நாள் அதற்குக் கடல் அலுத்துப்போய், எழுந்து மேற்கே நடக்க ஆரம்பித்தது.

இது நல்ல தொடக்கம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இதைப் பேச்சுக்கு நடுவில் எழுந்து ஜெனிலாவிடமே சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் பக்கத்தில் இருக்கிற நாசரேத் ஊர்ப் பெண். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பயணக் களைப்பு கண்ணில் இருந்தது.

"கொற்கை நடக்கல தாத்தா. தாமிரபரணி வண்டலக் கொண்டாந்து போட்டுச்சு, கடல் தள்ளிப் போயிட்டு. அது வேற, இது வேற."

"சரிம்மா. ஆனா ஒரு துறைமுகமே ஊருக்குள்ள போயிருக்கு, ஒருத்தரும் தடுக்கி விழலல்லா? மெதுவா போனா யாருக்கும் தெரியாதுன்னு சொல்ல வந்தேன்."

"அதச் சொல்லத்தான் தாத்தா நான் டிக்கெட் போட்டு வந்திருக்கேன். உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் சொன்னாள். எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், பிழை இருந்தால் அது அவளுடையது அல்ல.

உப்பு மூட்டை ஒன்றைத் தரையில் போட்டுக் கயிறு கட்டி இழுக்கிறீர்கள். வராது. இன்னும் இழுக்கிறீர்கள். கயிறு விறைக்கிறது, மூட்டை அசையவில்லை. திடீரென்று ஒரு எட்டு குதித்து வந்து உங்கள் காலில் இடிக்கிறது. பூமிக்கு அடியிலும் அப்படித்தான். இரண்டு பாறைப் பரப்புகள் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு நிற்கின்றன. பின்னாலிருந்து தள்ளுகிறது. கவ்வியது விட்டால் ஒரு நொடியில் குதிக்கும். அதுதான் நமக்குத் தெரிந்த நிலநடுக்கம். ஆனால் சில இடங்களில் அதே கவ்வல், கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஒரு நிமிஷத்தில் நகர வேண்டிய தூரத்தை வாரக்கணக்கில், மாசக்கணக்கில் நகரும். மேலே ஒரு டம்ளர் தண்ணீர்கூட ஆடாது. பாறை வழுக்கிப் போகிற அந்த நகர்வுக்குத்தான் ஃபால்ட் ஸ்லிப் என்று பெயராம்.

டிக்சன் பெருமூச்சு விட்டான். "தாள் இல்லையா, அண்ணாச்சி?"

"தாள் இல்லடே. பாறை."

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எழுந்து போயிருக்கலாம். விசிறிக்காக இருந்துவிட்டான்.

நிலநடுக்கம் என்ற சொல்லிலேயே நடுக்கம் இருக்கிறது. நடுங்காத ஒன்றை அந்தப் பெயரில் கூப்பிடுவது எப்படி என்று அரைமணி நேரம் அவளும் முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் பாதிரியாரும் பேசினார்கள். அதை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் விட முடியாது. சுமத்ரா பக்கம் ஒரு தீவில் முப்பத்திரண்டு வருஷம் ஒரே நிலநடுக்கம் நடந்ததாம். அங்கே குழந்தைகள் பிறந்தன, வளர்ந்தன, கல்யாணம் கட்டின, எல்லாம் ஒரே நிலநடுக்கத்துக்குள். ஒருத்தருக்கும் தெரியாது. கரையோரப் பவளப்பாறை மட்டும், தீவு வழக்கத்தைவிட வேகமாக அமிழ்வதைத் தன் வளர்ச்சியில் பதித்து வைத்திருந்தது.

"முடிவுல?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தொண்ணுல பெருசா ஆடிச்சு," என்றாள் ஜெனிலா.*

(* இது என் புளுகு இல்லை. நானாக இருந்தால் முந்நூறு வருஷம் என்று சொல்லியிருப்பேன்.)

(மூன்றாம் பகுதி இந்த இடத்தில் இருந்தது. நகர்ந்துவிட்டது. பின்னால் தட்டுப்படும்.)

4

மூட்டை என்று அந்தப் பெண் சொன்னபோதே அது டிக்சனின் தலைக்குள் கிரேனில் தொங்கத் தொடங்கிவிட்டது.

கிரேன் கேபினில் உட்கார்ந்தால் ஊர் காலுக்குக் கீழே இருக்கும். லிவரை நடுவில் வைத்தால் பாரம் அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும். ஒருநாள் நிற்கவில்லை. கப்பலின் கைப்பிடிக் கம்பியை அளவாக வைத்துப் பார்த்தான். நூல் அளவு, நூல் அளவாக இறங்கிக்கொண்டிருந்தது. பிரேக் பிடித்த மாதிரியே இருந்து, உள்ளுக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது. ரோஸ் தாள் கேபினுக்குள்ளேயே கம்பியில் குத்தியிருந்தது. கீழே லாரி நின்றது, ஆட்கள் நின்றார்கள், சூப்பர்வைசர் அண்ணாந்து பார்த்தார். டிக்சன் "கெடக்கட்டும்" என்றான்.

(கிரேன் அன்றைக்கு விழவில்லை. அதற்குப் பிறகும் விழவில்லை. இப்போதும் அங்கனதான் நிற்கிறது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய இடைஞ்சல். விழுந்திருந்தால் இங்கே நல்லதொரு பத்தி கிடைத்திருக்கும், டிக்சனுக்கும் ஒரு புத்தி வந்திருக்கும். விழாததால் அவனுக்கு வேறு புத்தி வந்தது: கெடக்கட்டும் என்றால் கெடக்கும்.)

அவன் அண்ணன், அப்பா வீட்டில் பெரிய பாதியை எடுத்துக்கொண்டான். கெடக்கட்டும். கோவிலில் மாதாவுக்குக் கெபி கட்டும் கமிட்டியிலிருந்து அவன் பெயரைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்தார்கள். கெடக்கட்டும். ஊரில் அவனைத் தங்கமான மனுஷன் என்பார்கள். அவன் மனைவி பிளாரன்ஸ் மட்டும் ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நீங்க விட்டுக் குடுக்கியளே, அது காத்துல போயிரும்னு நெனைக்கியளா? அம்புட்டும் என் தலையிலதான் எறங்குது." அதற்கும் கெடக்கட்டும் என்றான். அவள் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது.

மகள் ஒருத்தி. சந்தனச்செல்வி. சாந்தா அன்னா என்று போர்த்துக்கீசியர் சொன்ன மாதாவை நாங்கள் வாயில் வைத்து உருட்டி உருட்டிச் சந்தனமாதா ஆக்கிவிட்டோம். அந்த மாதா கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்த பெண். எந்த வருஷம், எந்த வாயில் அன்னா சந்தனமாக மாறினாள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் பார்த்தபோது மாறியிருந்தாள்.

வேம்பாரில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சத்தியராஜ், மீனுக்கு ஐஸ் சப்ளை செய்கிறவன், சொந்தமாக வேன். கல்யாணம் ஆனதும் முதலில் அவள் ஸ்கூட்டர் போயிற்று. "எதுக்குப்பா, அதான் அவிய கூட்டிட்டுப் போறாவல்லா." அப்புறம் கோவிலில் பாடுவது போயிற்று. அப்புறம் அவள் நம்பருக்கு அடித்தால் மாப்பிள்ளையின் குரல் முதலில் வந்தது. அப்புறம் கையில் கட்டு.

"பாத்ரூம்ல ஸ்லிப் ஆயிட்டேன்ப்பா."

அந்த வருஷம் அவள் நிறைய ஸ்லிப் ஆனாள். படியில் ஸ்லிப் ஆனாள். கோவில் வாசலில், மழை பெய்யாத மாசத்தில், ஸ்லிப் ஆனாள். டிக்சன் ஒவ்வொரு தடவையும் "பாத்து நடக்கக் கூடாதாளா" என்றான்.

ஒருமுறை பையோடு வந்து நின்றாள். நீலப் பை, ஜிப் பாதி திறந்திருந்தது, அவசரத்தில் திணித்த ஒரு சேலையின் ஓரம் வெளியே தொங்கியது. டிக்சன் நெத்திலிக் குழம்பு வைத்துப் போட்டான். அவள் சாப்பிட்டாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், வந்தால் ஏதாவது செய்ய வேண்டும். சாயங்காலம், "கெடக்கட்டும் தாயி, எல்லாம் சரியாயிரும்," என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். கூட்டத்தில் முண்டி, வெளியிலிருந்தே துண்டைப் போட்டு, அவளுக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தான். நல்ல சீட் கிடைத்ததில் அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஸ்லிப் ஆனதாகச் சொல்லவே இல்லை. போன் போட்டால், "நல்லாருக்கேன்ப்பா." அவ்வளவுதான். பேச்சு குறைந்துபோயிற்று, சத்தமே இல்லை. சரியாகிவிட்டது என்று டிக்சன் நிம்மதியாக இருந்தான்.

மண்டபத்தில் கேள்வி நேரம் வந்தது. பக்கத்தில் ஒரு கை மேலே போவதைப் பார்த்தேன்.

"யம்மா, ஒரு பக்கம் மெதுவா விட்டுக்குடுக்குன்னு சொன்னீங்கள்லா. அது தாங்குன பாரம் எங்கன போவும்?"

"எங்கயும் போகாது அங்கிள். பக்கத்துல கவ்விக்கிட்டு நிக்கிற எடத்து மேல ஏறும்."

"அது கத்தாதா? முணங்காதா?"

"பெரும்பாலும் இல்ல. நல்லா பூட்டிக்கிட்ட எடம் சத்தமே போடாது. கருவியில ஒண்ணும் விழாது. எங்களுக்குப் பயமே அதப் பாத்துத்தான்."

"ஒண்ணும் விழலன்னா நல்லாருக்குன்னு அர்த்தம் இல்லையா?"

"இல்ல அங்கிள்."

டிக்சன் நின்றுகொண்டே இருந்தான். விசிறிக் காற்றில் அவன் சட்டை படபடத்தது. "எப்ப விடும்?"

"அது தெரியாது," என்றாள் ஜெனிலா. அவள் சிரிக்கவில்லை. "விட்ட பெறவு, இதனாலதான் விட்டுச்சுன்னு எழுதுவோம்."

மக்ரூன் தட்டு கதவருகே வந்துவிட்டது. டிக்சன் அதைத் தாண்டி வெளியே போனான். போனவன் வேம்பார் பஸ்ஸில் ஏறினான். அவன் பங்கையும் நான்தான் வாங்கி வைத்தேன்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். சத்தியராஜை எப்படி எழுதுவது?

முதலில் அவனுக்குப் பெரிய மீசை வைத்தேன். கண்ணைச் சிவப்பாக்கினேன். சாராய வாடை போட்டேன். படித்துப் பார்த்தால் அவன் ஒரு கள்ளத்தோணிக்காரன் மாதிரி இருந்தான். மீசையை எடுத்தேன். வாடையை எடுத்தேன். அவன் குடிப்பதில்லை என்பதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசை. யார் வீட்டு விசேஷம் என்றாலும் ஐஸ் இலவசம். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மாமனாரை வாசலில் பார்த்தால், "வாங்க மாமா, ஒரு வார்த்த சொல்லிருந்தா ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்பிருப்பேன்லா," என்பான். அது நடிப்பும் இல்லை. வண்டி அனுப்பியிருப்பான்.

இவ்வளவையும் எடுத்த பிறகு மிச்சம் இருக்கிறவனைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. மீசையோடு விட்டிருக்கலாம்.

6

நான் வேம்பாருக்குப் போகவில்லை. பஸ் தருவைகுளம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம் கண்ணைக் கூசும் வெள்ளையாக, வானத்தைத் தரையில் உரித்துப் போட்ட மாதிரி,

வேண்டாம். டிக்சன் எதையும் பார்த்திருக்க மாட்டான். ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போயிருப்பான்: கெளம்பு தாயி, வீட்டுக்குப் போவோம். இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு என்ன மனப்பாடம் என்று கேட்காதீர்கள். கெடக்கட்டும் என்றே பழகிய வாய்க்கு அது அந்நிய பாஷை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் அவன் பங்கு மக்ரூனோடு டீக்கடைக்குப் போனேன். (நான்கில் ஒன்று வழியில் தேய்ந்துவிட்டது.) டிக்சன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முகச்சவரம் செய்யவில்லை.

"போனியாடே?"

"போனேன் அண்ணாச்சி. வந்தேன்."

"தனியாவா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். அவன் ஒன்றை எடுத்து, கடிக்காமல், உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். மக்ரூன் லேசான சாமான், காற்றடித்தால் பறக்கும். அவன் அதைப் பாரம் மாதிரி பிடித்திருந்தான்.

"நீங்க கத எழுதுவியள்லா," என்றான்.

"எழுதுவேன். எவன் நம்புதான்."

"அவளப் பஸ்ல ஏத்தி எழுதுங்க, அண்ணாச்சி."

இந்தக் கதையின் மூலகாரணம் மின்விசிறி என்று முதலில் சொன்னேன். பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எழுதினேன்.

முதல் முடிவு. டிக்சன் வாசலில் நின்று வாக்கியத்தைச் சொன்னான். சந்தனச்செல்வி உள்ளே போய் அந்த நீலப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். சத்தியராஜ் வழிமறிக்கவில்லை. இருவரும் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பஸ் வந்தது. அவள் படியில் கால் வைத்து

இதற்கு மேல் பேனா நகரவில்லை. அந்தப் பை எங்கிருந்து வந்தது? டிக்சன் பஸ் ஏற்றிவிட்ட அன்றைக்கு அவள் வேம்பாரில் போய் இறங்கிய பிறகு சத்தியராஜ் அந்தப் பையை வீட்டில் வைத்திருப்பானா? சரி, பை இல்லாமல் வரட்டும் என்று எழுதினேன். வெறுங்கையோடு வந்தாள், பஸ் வந்தது, படியில் கால் வைத்து. மறுபடி நின்றது. காலை எடுத்து மேலே வைக்க மாட்டேன் என்கிறாள். நான் எழுதுகிற பெண், நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள்.

இரண்டாம் முடிவு. டிக்சன் சத்தியராஜின் கன்னத்தில் ஓங்கி விட்டான். தெரு கூடியது. பஞ்சாயத்து, போலீஸ், கூச்சல், ஐஸ் பெட்டி உடைந்து தெருவெல்லாம் மீன். எழுதும்போது எனக்கு வயசு குறைந்த மாதிரி இருந்தது. படித்தபோது தெரிந்தது: டிக்சனின் கை அப்படி ஓங்குகிற கை இல்லை. அது லிவரை நடுவில் வைத்துவிட்டுக் காத்திருக்கிற கை.

இன்னும் சில முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஜெனிலாவையே கருவிகளோடு வேம்பாருக்கு அனுப்பினேன். ஒன்றில் கடல் உள்வாங்கி, தரை நகர்ந்து, அவள் வீடு மட்டும் மெதுவாகத் தெற்கே வழுக்கி வந்து காலையில் டிக்சன் வாசலில் நின்றது. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. டீக்கடையில் வாசித்துக் காட்டினேன். டிக்சன் கடைசிவரை கேட்டான். "நல்லாருக்கு அண்ணாச்சி," என்றான். அப்புறம், "அவ எங்க அண்ணாச்சி அதுல? வீடுதான் வந்திருக்கு," என்றான்.

3

(இங்கே இருக்கிறது. நான் ஒளித்து வைத்தேன் என்று நினைக்க வேண்டாம். தானாகத்தான் நகர்ந்தது.)

டிக்சன் சொல்லாததை நான் எழுதுகிறேன். அவனிடம் இதை வாசித்துக் காட்டவில்லை.

சத்தியராஜ் மாமனாரைக் கூடத்தில் உட்கார வைத்து விசிறியைப் போட்டான். அங்கே எல்லா விசிறியும் ஓடும். சந்தனச்செல்வி வந்து நின்றாள். முழங்கை வரை மூடிய ரவிக்கை, அந்த வெயிலில். மெலியவில்லை, அழவில்லை, முகத்தில் ஒரு கோடு இல்லை. ஒன்றுமே விழாத கருவி மாதிரி இருந்தாள்.

"கை என்னாச்சுளா?"

"எந்தக் கைப்பா?"

"பாத்ரூம் டைல்ஸ் மாத்திட்டேன் மாமா," என்று சத்தியராஜ் சிரித்தான். "இப்ப சொரசொரன்னு இருக்கு. இருங்க, குடிக்கக் கலர் வாங்கிட்டு வாரேன். வெயில்ல வந்திருக்கீங்க."

செருப்பு மாட்டிக்கொண்டு போனான். வேன் சாவி மேஜையில் கிடந்தது. கடை பக்கத்தில்தான். டிக்சனுக்கு அந்த நேரம் போதும். வாக்கியம் தொண்டைவரை தயாராக இருந்தது.

"கெளம்பு தாயி," என்றான். "வீட்டுக்குப் போவோம்."

சொல்லிவிட்டான். குரல் உடையவில்லை, திக்கவில்லை. எழுதாத ஸ்லிப் அத்தனைக்கும் சேர்த்து ஒன்று எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. எழுந்தேவிட்டான்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்க்கிற மாதிரி, மரியாதையாகப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, அவன் சட்டைக் காலர் மடிந்திருந்ததை எடுத்துவிட்டாள்.

"கெடக்கட்டும்ப்பா," என்றாள்.

அதே இழுப்பு. 'கெ'யில் கொஞ்சம் அழுத்தி, கடைசியில் மூச்சை விட்டு, டிக்சன் எப்படிச் சொல்வானோ அப்படியே. அவனிடம் இருந்து அவளுக்குப் போய்ச் சேர்ந்த ஒரே சொத்து.

"எல்லாம் சரியாயிரும். நீங்க பஸ்ஸ விட்டுராதீங்க. இப்ப போனா ஜன்னல் சீட் கெடைக்கும்."

சத்தியராஜ் கலரோடு வந்தான். டிக்சன் குடித்தான். திரும்பும்போது ஜன்னல் சீட் கிடைத்தது.

7

ஒரு பெண் அழிவது எந்த நாளில் தொடங்குகிறது என்று எழுத நினைத்தேன். ஸ்கூட்டர் போன நாளா, பாட்டு நின்ற நாளா, துண்டு போட்டு சீட் பிடித்த நாளா? ஒரு நாளும் நடுங்கவில்லை. டம்ளரில் தண்ணீர் ஆடவில்லை. அவள் இப்போது வேம்பாரில் இருக்கிறாள், நீங்கள் இதைப் படிக்கிற இந்த நேரத்திலும். போன் போட்டால், "நல்லாருக்கேன்." அதற்கு மேல் இந்தக் கதையில் ஒன்றும் நடக்கவில்லை. இதுவரை.

ஐம்பது வருஷம் புளுகியிருக்கிறேன். கப்பலுக்குச் சிவப்பு அடித்திருக்கிறேன். ஒரு திமிங்கலத்தை வடம் போட்டு இழுத்து வந்து பழைய துறைமுகத்தில் கட்டியிருக்கிறேன். கொற்கையை எழுப்பி நடக்க வைத்திருக்கிறேன். ஒரு பெண்ணை, ஒரு பஸ்ஸில், ஒரு படி ஏற்ற என்னால் முடியவில்லை. டிக்சன் தினமும் டீக்கடையில் என்னைப் பார்க்கிறான். கேட்பதில்லை. நேற்று மட்டும் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு, "முடியலன்னா கெடக்கட்டும், அண்ணாச்சி," என்றான். எனக்குத் தரை நழுவியது. மேலே டீ ஆடவில்லை.

ஆகையால் நான் விட்டுவிடுகிறேன். மெதுவாகத்தான் விடுகிறேன், உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது. ஆனால் நான் தாங்கினது எங்கே போகும் என்று ஜெனிலா சொன்னாளே, அந்த வரிசையில் அடுத்த இடத்தில் இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

முதல் முடிவை உங்களுக்காக அப்படியே திறந்து வைத்திருக்கிறேன். வேம்பார் நிறுத்தம். வெயில். அவள் கையில் பை இல்லை. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். டிக்சன் உள்ளே ஏறி ஜன்னல் சீட்டில் துண்டு போட்டுவிட்டு, உட்காராமல் நிற்கிறான். ஏற்றிப் பாருங்கள். என்ன சொன்னால் அவள் ஏறுவாள் என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஒரு நிமிஷம் அண்ணாச்சி, ஒரு நிமிஷம் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சீக்கிரம். எனக்கு வயசாகிவிட்டது, ரொம்ப நேரம் என்னால்